ஒரு ஃபால்ட்டுக்கு எட்டுத் தமிழ்

மெயில் வந்த மறு நிமிடம் 'நோட்டட், வில் செக்' என்று தட்டிவிட்டு டீ குடிக்கக் கிளம்பும் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சன்டைசர் தம்பிகளே, தங்கைகளே, உங்களோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும். நானும் உங்கள் இனம்தான். எங்கள் காலத்தில் அந்த வேலைக்கு கரஸ்பாண்டன்ஸ் கிளார்க் என்று பெயர். பெயர்தான் நீளம். வேலை என்னவென்றால் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, சொல்கிற பதிலை டைப் அடிப்பது, இடையில் வாங்கிக் கட்டிக்கொள்வது.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். அப்போது திருப்பூரில் எக்ஸ்போர்ட் என்ற பேச்சே பெரிதாகக் கிடையாது. வெள்ளை பனியன்தான் ஊரைக் காப்பாற்றியது. எங்கள் கம்பெனி சரக்கு பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று ரயிலேறும். அங்கிருந்து வருகிற கடிதங்களெல்லாம் ஆங்கிலம். எங்கள் முதலாளிக்குச் சாமளாபுரம் பக்கம் தோட்டம், பரம்பரையாக விவசாயம். தன் கையால் மெஷின் வாங்கிப் போட்டு முன்னுக்கு வந்தவர். நூலைத் தொட்டாலே தரம் சொல்லிவிடுவார். ஆங்கிலம் மட்டும் வராது.

ஆனாலும் கடிதத்தை முதலில் ஆங்கிலத்திலேயே படிக்கச் சொல்லிக் கேட்பார். தபால் பதினோரு மணிக்கு வரும். கட்டிங் மாஸ்டரும் பேக்கிங்காரரும் வந்து நிற்பார்கள். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி முழுக் கடிதத்தையும் ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரி, இப்பத் தமிழ்ல சொல்லு" என்பார். தமிழில் நான் சொல்வதுதான் கடிதம். அந்த அறையில் என்னைத் திருத்த வேறு ஆள் கிடையாது. இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எங்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லாருக்கும் பிடித்த சொல் ஒன்று இருந்தது. ஃபால்ட். கழுத்துத் தையல் விட்டிருந்தால் ஃபால்ட், கறை இருந்தால் ஃபால்ட், ஒரு டஜன் பெட்டியில் பதினொன்று இருந்தாலும் ஃபால்ட். நான் கோயமுத்தூரில் பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கிப் பார்த்தேன். குற்றம், பிழை, தவறு, குறை, பழுது என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் பாறையில் விழும் பிளவு என்றும் போட்டிருந்தது. பாறையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன்.

சேர்ந்த புதிதில் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் கழுத்துத் தையலைப் பற்றி எழுதியிருந்தார். அகராதியில் முதலில் இருந்த சொல்லையே போட்டு, "நம்ம தையல்ல குற்றம் இருக்குதுன்னு எழுதியிருக்காருங்க" என்றேன்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "குத்தமா? நாம என்ன கொலையா பண்ணிப்போட்டோம்? எழுது! உன்ற சங்காத்தமே வேண்டாம்னு எழுது!"

அப்படியே டைப் அடித்திருந்தால் ஒரு நல்ல வாடிக்கை போயிருக்கும். நான் 'தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம்' என்று அடித்து, அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். மெட்ராஸ்காரர் சமாதானமாகிவிட்டார், முதலாளியும் மூன்றாம் நாள் மறந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிலை மாற்றி ஒரு சண்டையை நிறுத்திவிட்டோம், இனி சொல்லையும் பார்த்துப் போட வேண்டியதுதான் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு இது ஒரு கலையாகிப் போனது. கறைக்குக் 'குறை', அளவு முன்னேபின்னே இருந்தால் 'பிழை', எண்ணிக்கையில் வந்தால் 'தவறு' என்று சூட்டைப் பார்த்து ஊற்றினேன். ஒருமுறை நூல் சரியில்லை என்று வந்த கடிதத்துக்குப் புதுமையாக இருக்கட்டுமே என்று 'தோஷம்' என்று சொல்லித் தொலைத்தேன். முதலாளி அன்று மாலையே சிவன்மலைக்கு ஆள் அனுப்பி அர்ச்சனை செய்துவிட்டார். நூல் மட்டும் மாறவில்லை. அடுத்த கடிதத்தில் அவர்கள் மறுபடி ஃபால்ட் என்று எழுதினார்கள், நான் தோஷத்தைக் கைவிட்டேன்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது 'கோளாறு'தான். அதைக் கற்றுக் கொடுத்தது மின்சாரம். கரண்ட் போனால் லைன்மேன் வந்து, "லைன்ல ஃபால்ட்டுங்க" என்பார். யாரும் அவரைத் திட்ட மாட்டார்கள். மெஷினை நிறுத்திவிட்டு, கரண்ட் வரும் வரைக்கும் ஆடுபுலி ஆடிக்கொண்டு இருப்பார்கள். கோளாறு என்றால் யாரும் செய்வதில்லை, தானாக வருவது, தானாகப் போவது. ஆகவே எது வந்தாலும் கோளாறு என்றால் அறை அமைதியாக இருந்தது. "நீ படிச்சாக் கடுதாசி காதுக்குக் குளுமையா இருக்குதப்பா" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். குற்றம், பிழை, தவறு, தப்பு, குறை, பழுது, தோஷம், கோளாறு. ஒரு ஃபால்ட்டுக்கு எட்டுத் தமிழ் என் கைவசம் இருந்தது. மண்டைக் கனம் ஏற வேறென்ன வேண்டும்?

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன்.

அது சித்திரை மாதம். முதலாளி மகளுக்கு மறுநாள் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் நான்கைந்து பேர் கம்பெனியைப் பார்க்க வந்து, ஆபீஸ் அறையில் காப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். தபால்காரர் சரியாக அப்போது வந்தார். பம்பாய் முத்திரை. எங்கள் சரக்கை அதிகம் வாங்குகிற வியாபாரியின் கடிதம்.

முதலாளிக்குப் பெருமை பொறுக்கவில்லை. "பம்பாய்ல இருந்து வந்திருக்குதுங்க சம்பந்தி. சித்த இருந்து கேட்டுட்டுப் போங்க" என்று சம்பந்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "படிப்பா" என்றார்.

பிரித்தேன். போன சரக்கில் கடுமையான ஃபால்ட். வாங்கிப் போனவர்கள் இரண்டாவது தடவை துவைத்ததும் துணியில் சிறு சிறு ஓட்டை விழுகிறது. உடனே கவனிக்கவும். இவ்வளவுதான் கடிதம்.

ஆங்கிலத்தில் கணீரென்று படித்தேன். சம்பந்திகள் தலையாட்டினார்கள். பிறகு முதலாளி தமிழ் கேட்டார். பெண் கொடுக்கப் போகிறவரின் பனியனில் ஓட்டை என்று பெண் எடுக்க வந்தவர்கள் எதிரில் நான் எப்படிச் சொல்வேன்? "சரக்கு வந்து சேந்துதுங்களாம். சின்னக் கோளாறு ஏதோ இருக்குதாம், அடுத்த தடவை பாத்து அனுப்பச் சொல்றாங்க. மத்தபடி எல்லாருக்கும் வணக்கம் சொல்லியிருக்காங்க" என்றேன். வணக்கம் என் சொந்தச் சரக்கு.

"அதுக்கென்ன, பாத்துக்கறோம்னு எழுதிப்போடு" என்றார் முதலாளி. சம்பந்தி ஒருவர் என் படிப்பை விசாரித்தார்.

அந்த இடத்தில் நான் சொன்னதை இன்றைக்கும் நான் பெரிய தப்பாக நினைக்கவில்லை. விருந்தாளி முன்னால் மானத்தைக் காப்பாற்றுவது எந்த வேலைக்காரனும் செய்வது. ஆனால் அவர்கள் போன பிறகு, நிச்சயம் முடிந்த பிறகு, மறுநாளோ அதற்கு மறுநாளோ, தனியாகப் போய், "மொதலாளி, அந்தக் கடுதாசியில இப்பிடி எழுதியிருக்குதுங்க" என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பதினைந்து நாளில் இரண்டாவது கடிதம் காட்டமாக வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் முதல் கடிதத்தில் மறைத்ததையும் சொல்ல வேண்டும். "போன தடவை சொன்ன கோளாறையே ஞாபகப்படுத்தறாங்க" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். தம்பிகளே, பொய் சொல்வது சுலபம். அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது முறை கடிதம் வரவில்லை. ரயில் பார்சல் வந்தது. உள்ளே எங்கள் பனியன்களே திரும்பி வந்திருந்தன, தோளிலும் அக்குளிலும் சல்லடையாக. கூட ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே வரி: இது யாருடைய ஃபால்ட்?

முதலாளி ஒரு பனியனை எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் மட்டுமல்ல, கையே போனது. "கோளாறு கோளாறுன்னியே, இதுவாப்பா கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிங் மாஸ்டர் பார்சலைக் கவிழ்த்துவிட்டார். அதிலிருந்து சின்னச் சின்னச் சீட்டுகள் விழுந்தன. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து வந்த பனியனைக் கடைசியாகப் பார்த்து அனுப்பச் செக்கிங்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். யார் பார்த்தார்களோ அவர்களுடைய நம்பர் போட்ட சீட்டை ஒவ்வொரு டஜன் பெட்டியிலும் வைப்பார்கள். திரும்பி வந்த சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே நம்பர். நாலு.

நாலாம் நம்பர் மருதாசலம். நாற்பது வயதுக்காரர், நெசவுக் குடும்பம், அதிர்ந்து பேசாதவர். அந்தத் தை மாதம்தான் கம்பெனி அவருக்கு மண்ணரை என்கிற பகுதியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்திருந்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளுமாகக் குடி வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

மருதாசலம் பனியனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் பாக்கறப்ப இதுல ஓட்டை இல்லீங்க மொதலாளி."

"அப்புறம்? ரயில்ல போறப்ப உழுந்துச்சா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

"நம்பர் உன்றது, சீட்டு உன்றது. ஒண்ணு ரெண்டுன்னாப் பரவால்ல, அத்தனையும் நாலு! கண்ண மூடிட்டா பாத்தே? நாளையில இருந்து வர வேண்டாம். சாயங்காலம் ஊட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

இது வேலை போகிற விஷயம் மட்டுமல்ல. அன்றைய திருப்பூரில் ஒரு கம்பெனியில் காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். தையல்காரன் சண்டை போட்டுவிட்டு வந்தால் இன்னொரு கம்பெனி சேர்த்துக்கொள்ளும். டேமேஜை விட்ட செக்கிங்காரனை யாரும் சேர்க்க மாட்டார்கள். அவர் பிழைப்பே கண்ணில்தான் இருந்தது.

மருதாசலம் கெஞ்சவில்லை. தன் மேஜைக்குப் போய்க் கத்தரியையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டார். பிறகு அந்தப் பனியனை மறுபடி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் வைத்து, ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தார். வேலையை விட்டு நீக்கிய பிறகும் அவர் செக்கிங்கை நிறுத்தவில்லை. நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டார்.

"ஏனுங்க கிளார்க்கு, இது ஊசி பட்ட ஓட்டை இல்லீங்க. நூலே நைஞ்சு போயிருக்குது. எப்ப ஓட்டை உழுந்துச்சுன்னு கடுதாசில ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"

அவருக்கு என் மேல் ஒரு சந்தேகமும் கிடையாது. ஆங்கிலம் படித்தவனிடம் ஒரு தகவல் கேட்டார், அவ்வளவுதான். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த ஃபைலை வேறு யாரும் திறக்கப் போவதில்லை. நான் "பாத்துச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'இரண்டாவது துவைப்புக்குப் பிறகு'. மூன்றே சொல். ஒரு மனிதனுடைய வீடும் மானமும் அந்த மூன்று சொல்லில் இருந்தது, அதைச் சித்திரை மாதத்தில் இருந்து நான் என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். எனக்கும் வேலை போய்விடும் என்று பயந்தேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ஊரில் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கூட யோசித்து வைத்தேன். எழுந்து போக எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆனது.

முதலாளி எதிரில் போய் நின்று, "அந்த மொதக் கடுதாசிய மறுபடி சொல்லணுமுங்க" என்றேன்.

"அதான் சொன்னியே."

"சரியாச் சொல்லலீங்க."

இந்தத் தடவை ஆங்கிலம் படிக்கவில்லை. ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். இரண்டாவது கடிதத்தையும் சொன்னேன்.

"ரெண்டாவது தொவைப்புலயா ஓட்டை உழுகுது? இத எப்ப எழுதினாங்க?"

"நிச்சயத்துக்கு மொத நாளுங்க. மாப்ள ஊட்டு ஒறம்பரை இருந்தாங்க, அதனால கோளாறுன்னு சொல்லிப்போட்டேனுங்க."

"ஒறம்பரை அன்னிக்கே போயிட்டாங்களே?"

"ஆமாங்க."

"இது யார் ஃபால்ட்டுன்னு பம்பாய்க்காரன் கேட்டிருக்கறான். என்னன்னு எழுதறது?"

"துணிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிலீங்க. மருதாசலத்துக்கு நடந்தது நான் பண்ணின தப்புங்க."

கைவசம் எட்டு இருந்தும் எனக்கென்று வரும்போது அந்த ஒன்றுதான் வாயில் வந்தது. என்னை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். முதலாளி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெளியே பார்த்துக் கத்தினார்.

"மருதாசலத்தப் போக உடாதீங்கப்பா! ரெண்டு வாளி கொண்டா, ஒரு சோப்புக் கட்டி கொண்டா!"

பிறகு நடந்தது திருவிழா. பேக்கிங்கில் ரயிலுக்குத் தயாராக இருந்த பெட்டிகளை உடைத்து, பனியன்களை எடுத்துக்கொண்டு எல்லாரும் கிணற்றடிக்குப் போனோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே துவைக்க உட்கார்ந்தார். "ஏனுங்க, நாங்க தொவைக்கறமுங்க" என்று நான்கு பேர் ஓடி வந்ததற்கு, "தோட்டத்துல மாட்டயே குளிப்பாட்டியிருக்கறேன், பனியன் தொவைக்க மாட்டனா?" என்றார். அவர் அடித்த அடியில் நல்ல பனியனே கிழிந்துவிடும் என்று மருதாசலம் மெதுவாக வாங்கித் தானே கசக்கினார். முதல் துவைப்பில் ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் காயப் போட்டு, எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் காவல் காத்தோம். அப்படியொரு கவலையோடு பனியன் காய்வதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இரண்டாவது துவைப்பில் மருதாசலம் ஒன்றைப் பிழிந்து உதறினார். தோளில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. இன்னொன்றைப் பிழிந்தார், அக்குளில் இரண்டு.

"உழுந்துருச்சு! உழுந்துருச்சுங்க மொதலாளி!" என்று பேக்கிங்காரர் கூத்தாடினார். கம்பெனி சரக்கில் ஓட்டை விழுந்ததற்காக ஒரு கம்பெனியே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மருதாசலம் அந்தப் பனியனை முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி அவர் தோளைப் பிடித்து, "சாவிய நீயே வெச்சுக்க மருதாசலம். நான் பொசுக்குனு பேசிப்போட்டேன்" என்றார். எல்லார் எதிரிலும் சொன்னார். நீக்கியதும் எல்லார் எதிரிலும்தானே.

துணியை வெளுத்த சலவைப் பட்டறைக்காரரை வரவழைத்தார்கள். துணியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வெளுக்கிற பவுடர் துணியிலேயே தங்கியிருக்கிறது, போதுமான தண்ணீரில் அலசவில்லை. அதுதான் உள்ளேயிருந்து நூலைத் தின்றிருக்கிறது. "பங்குனியிலயே கெணறு வத்திப் போச்சுங்க. ரெண்டு நாள் பொறுத்தாத் தண்ணி ஊறும், நல்லா அலசித் தாறேன்னு சொன்னேனுங்க. நீங்கதானுங்களே வெரசா வேணும் வெரசா வேணும்னு ஆள் மேல ஆள் உட்டீங்க?"

முதலாளி கிணற்றைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏப்பா, ஃபால்ட்டுக்கு எதமா ஒரு தமிழ் வெச்சிருப்பியே. எனக்கு ஏத்தாப்பல ஒண்ணு சொல்லு" என்றார். கிணற்றடியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வேலை போகாது என்று தெரிந்தது.

பம்பாய்க்கு நடந்ததை நடந்தபடி எழுதினோம். தண்ணீர் இல்லாதது, அவசரப்பட்டது, இனி இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்பது எல்லாம் அதில் இருந்தது. சரக்கை மாற்றி அனுப்பினோம். வாடிக்கை கைவிட்டுப் போகவில்லை. சரக்கு வாங்குகிற உங்கள் பையர் கோபப்படுவது பெரும்பாலும் ஓட்டைக்காக அல்ல, ஓட்டையை நாம் கோளாறு என்று சொல்வதற்காகத்தான். இதை நீங்கள் என் பேச்சை நம்பித் தெரிந்துகொண்டால் நல்லது, பட்டுத் தெரிந்துகொண்டாலும் சரி.

எனக்குத் தண்டனை இல்லாமல் இல்லை. "இத்தன நாளு என்னென்ன முழுங்கினயோ, அத்தனையும் கக்கு" என்றார் முதலாளி. ஃபைலில் உள்ள பழைய கடிதங்களையெல்லாம் செக்கிங் அறையில் டீ நேரத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் தமிழில் சொல்ல வேண்டும். அவரும் வந்து உட்காருவார். முதல் இரண்டு நாள் நான் கூனிக் குறுகிப் போனேன். கறையைக் குறை என்றது, குறையைக் கோளாறு என்றது எல்லாம் வெளியே வந்தது. செக்கிங்காரர்கள் ஒவ்வொன்றுக்கும், "அடங்கொப்புரானே, இப்பிடியுமா எழுதியிருக்குது?" என்று கேட்டு ரசித்தார்கள். தோஷத்துக்கு மட்டும் அர்ச்சனைப் பங்கு தனக்கு வரவில்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

மருதாசலத்துக்கு மட்டும் ஒரு முள் இருந்தது. ஆறு பேர் பார்த்ததும் ஒரே துணி. அப்புறம் ஏன் திரும்பி வந்ததெல்லாம் நாலாம் நம்பராகவே இருந்தது? "உங்க கைராசி அப்பிடிங்க" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் சீட்டு வைக்கும்போது கொஞ்சம் தயங்குவதை நான் பார்த்தேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, போன ஐப்பசிக் கடிதம் ஒன்று கைக்கு வந்தது. பம்பாய்க்காரருடையதுதான். சரக்கு கிடைத்த விவரம், அடுத்த ஆர்டர், அதற்கும் கீழே ஒரு வரி. அதைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஐப்பசியில் அந்த வரியைப் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் பேக்கிங்காரரிடம் போய், "இனிமே பம்பாய்க்கு நாலாம் நம்பர் பெட்டியா அனுப்புங்க, கேக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆர்டருக்குத் தேவையானது அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவரும் பழக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டே வந்தார், சீட்டுகள் விழுந்த அன்று எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை. திட்டு வந்தால் அதற்கு எட்டுத் தமிழ் தேடினவன், இதைத் தமிழாக்கவே இல்லை.

"என்னப்பா, நின்னுட்டே? படி" என்றார் முதலாளி.

"நாலாம் நம்பர் சீட்டு வெச்ச பெட்டிக எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தோம். ஒண்ணுல கூட ஒரு பழுது சொல்ல முடியல. இனிமே எங்களுக்கு இந்த நம்பர் பெட்டிகளையே அனுப்புங்க. இப்பிடி எழுதியிருக்காங்க."

யாரும் கேலி பேசவில்லை. பம்பாய்க்கு நாலாம் நம்பரே போனதற்கும், நாலாம் நம்பரே திரும்பி வந்ததற்கும் காரணம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். டீ நேரம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்து இத ஒருக்காப் படிக்கறீங்களா? சாவியக் குடுக்கச் சொன்ன சேதி அங்க வரைக்கும் போயிருச்சுங்க. இதுவும் போய்ச் சேரட்டும்."

முதலாளியிடம் கேட்டு அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்ணரைக்குப் போனேன். லைன் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆண்களும் கூடிவிட்டார்கள். மருதாசலத்தின் மனைவி கதவோரம் நின்றார், பிள்ளைகள் மூன்றும் முன்னால் உட்கார்ந்தன. படித்தேன். இன்னொருக்கா என்றார்கள், படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன்.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, ஐப்பசியில இருந்து இவரு வேல நல்லாருக்குதுன்னு பம்பாய்ல தெரிஞ்சிருக்குது. ஊட்டுல இருக்கற எனக்குத் தெரியலீங்களே."

தரையைப் பார்த்துக்கொண்டு கடிதத்தை மடித்தேன்.

மருதாசலம் எனக்கு முன்னால் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "உடு. தபாலு இன்னிக்குத்தான் வந்துச்சுன்னு நெனச்சுக்க."